காது முடியும் மூக்கு அட்டையும்

தம்பி, ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்க. எனக்குக் காதில் காற்று அடிக்கக் கூடாது. இது சாதாரணக் காது இல்லை. ஜப்பான்காரன் படித்த காது, ஜெர்மன்காரன் சண்டைக்கு வந்த காது.

சிரிக்காதீங்க, மெய்யாகத்தான் சொல்கிறேன். மடியில் நீளமாக என்ன அது, தண்ணீர்க் குழாயா? ஆராய்ச்சிப் படமா! சுருட்டி வைத்திருக்கிறீங்களா? அட, அப்போ நீங்க நம்ம ஆளு. எதில் ஆராய்ச்சி? மீனிலா? சரி, மீனும் ஒரு உயிர்தானே. பேப்பர் வெளிவந்திருக்கா? எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறாங்க? நாலா? அந்த நாலில் நீங்களே உங்களைக் காட்டிக்கொண்டது எத்தனை? ஏன், பேச்சையே காணோம்? மூணா? அதைக் கழித்தால் ஒண்ணு. பரவாயில்லை தம்பி, உங்களுக்கு வயசு கிடக்கிறது. மீன் மெதுவாகத்தான் ஏறும். எனக்கு ஐம்பத்தேழு மேற்கோள் இருந்தது.

என் பேர் ஐயம்பெருமாள். ஆட்டு வியாபாரி. மூணாம் வகுப்போடு சரி. இப்போது என் சம்மந்தி ஆவுடையப்பன் வீட்டுக்குப் போகிறேன். அந்த வீட்டில்தான் என் மகள் செல்வக்கனியைக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். பேரன் அங்கேதான் வளர்கிறான். ஆனால் அந்தப் படியை நான் மிதித்து ஐந்து வருசம் ஆகிறது. மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவன் நான். எதற்குச் சொன்னேன், இப்போது எதற்குப் போகிறேன் என்று கேட்டீங்கன்னா, எல்லாம் இந்தக் காதால் வந்த வினை. உங்களுக்கு எங்கே இறங்கணும்? தென்காசியா? தாராளமாகப் போதும்.

ஆவுடையப்பன் ரைஸ் மில்காரர். மில் வைத்திருக்கிறவருக்கு உமி மாதிரி எதையும் ஊதித்தள்ளும் குணம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகை அவர்தான் அடித்தார். கெட்டி அட்டை, தங்க எழுத்து. அவர் பேர், அவர் அண்ணன் தம்பி பேர், மில்லில் மூட்டை தூக்குகிறவர் பேர் கூட இருந்தது தம்பி. என் மகள் பேருக்கு முன்னால் என்ன போட்டிருந்தார் தெரியுமா? "நெடுங்குளம் ஆட்டு வியாபாரியின் மகள்." அவ்வளவுதான். ஆட்டு வியாபாரிக்கு ஒரு பேர் இருக்காதா? ஆட்டுக்கே நாங்கள் பேர் வைப்போம்!

கேட்டேன். "அச்சகத்துக்காரன் விட்டுட்டான் சம்மந்தி" என்றார். மூட்டை தூக்குகிறவர் பேரை விடாத அச்சகத்துக்காரன், பெண்ணைப் பெற்றவன் பேரை மட்டும் விடுவானா? கல்யாணத்தில் நான் வாய் திறக்கவில்லை. பந்தியில் அவருக்கு நானே நின்று பாயசம் ஊற்றினேன். ஆனால் மனதுக்குள் எழுதி வைத்துவிட்டேன். என் மனதில் எழுதினது அழியாது. என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் சொல்வாள், "இந்தா பாருங்க, நீங்க ஆட்டை மறந்து சந்தையிலேயே விட்டுட்டு வந்தாலும் வருவீங்க, ஆங்காரத்த மட்டும் தோள்ல தூக்கிட்டு வந்துருவீங்க." அவள் விளையாட்டாகச் சொல்கிறாள். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

கல்யாணம் முடிந்து இரண்டு மூன்று மாதம் இருக்கும். எனக்கு விக்கல் பிடித்தது. சும்மா ஒரு விக்கல் இல்லை தம்பி. காலையில் பிடித்தது ராத்திரி விடவில்லை, மறுநாள் விடவில்லை, ஒரு வாரம் தாண்டியும் விடவில்லை. சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும்போது விக்கினேன் என்றால் கை தூக்கிப் போடும், எதிராளி ஒரு விரல் கூடுதல் என்று நினைத்துக்கொள்வான். அப்படி ஒரு கிடாயை என் விலைக்கு மேலே வாங்கித் தொலைத்தேன். ஊரில் ஆளுக்கொரு வைத்தியம். சீனியைத் தின்னச் சொன்னாங்க, குனிந்துகொண்டு தண்ணீர் குடிக்கச் சொன்னாங்க, பின்னால் வந்து திடீரென்று கத்தினாங்க. என் மச்சினன் ஓடிவந்து, "அத்தான், பட்டியில ஆட்ட ஒண்ணையும் காணல!" என்றான். நான் விக்கிக்கொண்டே போய் எண்ணிவிட்டு, விக்கிக்கொண்டே திரும்பி வந்து, விக்கிக்கொண்டே அவனை அடித்தேன்.

கடைசியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காது மூக்கு தொண்டைக்கு அங்கே டாக்டர் செண்பகவல்லி என்று ஒரு அம்மா. கெட்டிக்காரி. நோயாளியைப் பார்க்கிறது பாதி, ஆராய்ச்சி பாதி. அன்றைக்கு நல்ல கூட்டம். பெஞ்சில் விக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு விக்கலுக்கும் பெஞ்சு ஆடுகிறது, பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரு சேர ஆடுகிறார்கள். அந்த நேரத்தில் வராந்தாவில் யார் வருகிறார் என்று நினைக்கிறீங்க? ஆவுடையப்பன்! மூக்கில் கைக்குட்டை, கைக்குட்டையில் ரத்தம்.

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு உள்ளங்காலில் இருந்து ஒரு சூடு ஏறியது பாருங்க. பத்திரிகை, தங்க எழுத்து, ஆட்டு வியாபாரி, எல்லாம் ஒரே வீச்சில் வந்து நெஞ்சில் நின்றது. மூச்சே விடவில்லை நான். அவர் நேரே என் முன்னால் வந்து நின்று, மூக்கைப் பிடித்த குரலில், "என்ன சம்மந்தி, தீராத விக்கல்னு கேள்விப்பட்டேன். ஒண்ணையும் காணமே?" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். விக்கல் இல்லை. நின்றுபோய்விட்டது.

அடுத்த நிமிசம் உள்ளே என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீங்களே சொல்லுங்க தம்பி, நான் என்ன செய்ய? காலையில் இருந்து காத்திருக்கிறேன். எழுந்து வீட்டுக்குப் போனால், "என்னைப் பார்த்ததும் சம்மந்திக்கு விக்கல் நின்னுட்டு" என்று இவர் மில் முழுக்கச் சொல்வார். இவரால் எனக்கு ஒரு நன்மை நடந்தது என்று ஆகலாமா? உள்ளே போய்விட்டேன். டாக்டரம்மா, "எங்க, விக்கல் எப்படி இருக்கு, பாப்போம்" என்றார். ஒரு டாக்டர் இவ்வளவு ஆசையாகக் கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? மரியாதைக்கு இரண்டு விக்கினேன்.

அந்த அம்மா வாயைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். "ஐயா, உள்ள ஒரு முடி கிடக்கு. காது சவ்வத் தொட்டுக்கிட்டு இருக்கு." குட்டியைத் தோளில் போட்டுத் தூக்குகிறவன் காதில் ஆட்டு முடி இல்லாமல் வேறென்ன இருக்கும்? சின்ன இடுக்கியால் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் அசையாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. விக்கல் வரவில்லை. எப்படி வரும்?

"நின்னுட்டா?" என்றார்.

"நின்னுட்டு டாக்டரம்மா!"

அந்த அம்மா கையைத் தட்டிவிட்டார் தம்பி! சின்னப் பிள்ளை மாதிரி. நர்ஸை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கே அந்த முடியால்தான் விக்கல் என்று தோன்றிவிட்டது, அவ்வளவு சந்தோசம் அந்த அறையில். அதில் போய் மண்ணைப் போடலாமா? நான் அப்படிப்பட்டவன் இல்லை.

எனக்கு அடுத்து சம்மந்தி உள்ளே போனார். மலைக்கோயிலுக்குப் போன இடத்தில் ஓடைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்திருக்கிறார். ஒரு அட்டை மூக்குக்குள் ஏறிக் குடியிருந்திருக்கிறது. டாக்டரம்மா பிடித்து இழுத்ததும் விரல் நீளத்துக்கு வந்ததாம். குடித்தது பூராவும் ரைஸ் மில் ரத்தம். எனக்கு அந்த அட்டை மேல் கோபமே கிடையாது.

அடுத்த வருசம் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கம்ப்யூட்டரில் காட்டினார். இங்கிலீஷில் கட்டுரை, நடுவில் என் முடி! பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பத்திரிகை. "இதுல என் பேர் எங்கம்மா?" என்றேன். "நோயாளி பேரைப் போடக் கூடாது ஐயா, அதுதான் முறை. இங்க பாருங்க, 'ஐம்பத்தெட்டு வயதான ஆட்டு வியாபாரி'ன்னு போட்டிருக்கேன்" என்றார். எவ்வளவு பண்பாக எழுதியிருக்கிறார் பாருங்க. ஆட்டு வியாபாரி என்று! மனம் குளிர்ந்துபோய் வந்தேன்.

வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, அட்டைக்கும் ஒரு கட்டுரை வந்திருக்கிறது.

கணக்கைப் பார்த்துச் சொல்கிறது என் மாப்பிள்ளை பூதப்பாண்டி. நல்ல பிள்ளை. அப்பாவுக்கும் நோகாமல் மாமனாருக்கும் நோகாமல் போன் போடுவார். "மாமா, இந்த மாசம் முடி ஒம்பது, அட்டை இருபத்தொண்ணு." மேற்கோள் என்றால் என்ன என்று அவர்தான் எனக்கு விளக்கினார். நம்ம கட்டுரையைப் படித்த இன்னொரு டாக்டர், தான் எழுதும்போது, இன்னார் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று அடியில் குறிக்கணும். எத்தனை பேர் குறிக்கிறார்களோ அவ்வளவு மதிப்பு. டாக்டரம்மாவுக்கு மொத்தக் கட்டுரைக்கும் சேர்த்து ஒரு எண் வைத்திருக்கிறார்களாம், பிரஷர் மாதிரி. ஆனால் இது ஏறினால் நல்லது. உங்களுக்கு அந்த எண் எவ்வளவு? ஒண்ணா? பத்தியமாக இருங்க.

அட்டை ஓடு ஓடென்று ஓடியது தம்பி. நேப்பாளத்தில் ஒருத்தன் மூக்கில் அட்டை என்றால் நம்ம ஆள் மூக்கைக் குறிக்கிறான். துருக்கியில் தொண்டையில் அட்டை என்றால் நம்ம ஆள் மூக்கைக் குறிக்கிறான். என் முடியை அவ்வளவாக யாரும் சீந்தவில்லை. அடுத்தவன் காதில் முடி கிடந்தால் அவனவன் எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறான் போலிருக்கிறது.

மகளுக்கு வளைகாப்பு வந்தது. சம்மந்தி வீட்டு வாசலில் பந்தல், நாலு ஊர் சனம். இலையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர் வரிசையில் இருந்து ஒருத்தர், "அண்ணாச்சி, நீங்களும் ஏதோ பேப்பர்ல வந்திருக்கீகளாமே?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஆவுடையப்பன் சாம்பார் வாளியோடு குறுக்கே வந்தார். "வந்திருக்காரு, வந்திருக்காரு. ஆனா அட்டைக்கு உயிர் இருக்குல்லா, அது நாலு நாடு ஊர்ந்து போவும். முடி என்ன செய்யும்? கெடந்த எடத்துல கெடக்கும்."

பந்தி பூராவும் சிரித்தது. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சிரித்தார்கள்.

நான் இலையை மூடினேன். எழுந்தேன். "சம்மந்தி, எல்லாரும் கேட்டுக்கிடுங்க. என்னைக்கு என் முடி உங்க அட்டையத் தாண்டுதோ, அன்னைக்குத்தான் இந்தப் படிய மிதிப்பேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பின்னால் பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "ஊருல சொத்துக்குச் சண்டை போடுவான், வாய்க்காலுக்குச் சண்டை போடுவான். இவிய மசுருக்குச் சண்டை போடுதாவ!"

பேரன் பிறந்தான். நான் ஆஸ்பத்திரியில் பார்த்ததோடு சரி. பிறகு மகள் வருசத்துக்கு இரண்டு தடவை கொண்டுவந்து காட்டுவாள். அவன் என்னைப் பார்த்ததும் யாரோ என்று அவள் காலைக் கட்டிக்கொள்வான். பழகி மடியில் ஏறும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். செல்வக்கனி அழுவாள். "எப்பா, ஒங்க காதுக்கும் அவிய மூக்குக்கும் நடுவுல எம் பிள்ளைக்குத் தாத்தா இல்லாமப் போயிட்டாரு" என்பாள். பெண்பிள்ளை, அதற்கு மேற்கோள் அருமை தெரியாது. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? கணக்கு ஏறணுமே!

அந்த நேரத்தில்தான் ஜெர்மன்காரன் வந்தான். தெய்வம் தம்பி அவன். என் கட்டுரையைப் படித்துவிட்டு, விக்கல்காரர்கள் பத்து இருபது பேரைப் பிடித்துக் காதில் கிடந்த முடியை எல்லாம் எடுத்துப் பார்த்தானாம். ஒருத்தனுக்கும் விக்கல் நிற்கவில்லையாம். "இந்தக் கட்டுரை சரியாகத் தெரியவில்லை" என்று எழுதிவிட்டான். மாப்பிள்ளை போனில் இழுத்து இழுத்துச் சொன்னார். "மாமா, இது வந்து… திட்டித்தான் எழுதிருக்காவ." நான் கேட்டேன், "திட்டினா கணக்குல சேருமா சேராதா?" "சேரும் மாமா." "பிறகென்ன!" ஒருத்தனைத் திட்டணும் என்றால் அவனைக் குறிப்பிட்டுத்தானே திட்டணும்? கல்யாணப் பத்திரிகையில் பேரை விடுகிறவனைவிட, பேரைச் சொல்லித் திட்டுகிறவன் ஆயிரம் மடங்கு மேல்.

அதன் பிறகு பிரேசில் திட்டியது. கொரியா திட்டியது. "முடியாம், விக்கலாம்" என்று இங்கிலாந்தில் ஒருத்தன் நக்கலாகவே எழுதினானாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முப்பது, நாற்பது, ஐம்பது! போன மாதம் முடி ஐம்பத்தேழு, அட்டை ஐம்பத்தேழு. சரிக்குச் சரி! இன்னும் ஒண்ணே ஒண்ணு. பிள்ளையார் கோயிலில் போய்ச் சூறைத்தேங்காய் விட்டேன். பூசாரி, "என்ன வேண்டுதல் அண்ணாச்சி?" என்றார். "எந்த நாட்டுக்காரனாவது என்னய ஒரு தடவ திட்டணும் சாமி" என்றேன். அவர் திருநீற்றைக் கொஞ்சம் கூடவே பூசிவிட்டார்.

என்ன, கண்டக்டர் பார்க்கிறாரா? சத்தமாகப் பேசுகிறேனா? பேசினால் பேசிவிட்டுப் போகிறேன். இன்றைக்கு எனக்குச் சந்தோசம்.

பத்து நாளைக்கு முன்னால் டாக்டரம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். இப்போது அவர் பெரிய ஆள், துறைத் தலைவராகப் போட இருந்தார்கள். கட்டுரைகளை எண்ணி, மேற்கோள்களை எண்ணித்தான் போடுவார்களாம். நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "அம்மா, ஒண்ணு கூடிட்டா?" என்றேன்.

"கூடப் போகுது ஐயா" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. "அடுத்த மாசம் ஒரு கட்டுரை வருது. ஒரு வெளியூர் டாக்டர் எனக்கு முன்கூட்டியே அனுப்பியிருக்கார். அதுல நம்ம முடியக் குறிச்சிருக்காங்க."

ஐம்பத்தெட்டு! வாசலில் வண்டிக்கு ஆள் அனுப்பலாமா, மாப்பிள்ளைக்குப் போன் போடலாமா என்று எழுந்துவிட்டேன்.

"உட்காருங்க ஐயா. எதுக்குக் குறிச்சிருக்காங்கன்னு கேளுங்க. அங்க ஒரு வயசான அம்மாவுக்கு விடாத விக்கல். நம்ம கட்டுரையப் படிச்ச ஒரு டாக்டர் அந்தம்மா காதையே ஒரு வாரமா பாத்துக்கிட்டு இருந்திருக்கார். ஆனா கோளாறு நெஞ்சுல. மாரடைப்பு, விக்கலாக் காட்டியிருக்கு. அந்தம்மா பிழைச்சது பெரும்பாடு. இந்தக் காது முடிக் கதைய நம்பாதீங்கன்னு சொல்லத்தான் நம்ம பேப்பரக் குறிச்சிருக்காங்க."

நான் மெல்ல உட்கார்ந்தேன்.

"என் பேரு போனாப் போகட்டும் ஐயா. இன்னொரு ஊர்ல இன்னொரு பாட்டி காத யாரும் நோண்டிக்கிட்டு நிக்கக் கூடாது. அன்னைக்கு உங்களுக்கு விக்கல் எப்ப நின்னுச்சு? நான் எடுத்த பிறகா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

தம்பி, அந்த நிமிசத்தை நினைச்சுப் பாருங்க. ஒரு பக்கம் ஐம்பத்தெட்டு. வாயை மூடிக்கொண்டு ஒரு மாதம் இருந்தால் போதும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சம்மந்தி படியில் ஏறலாம், பேரனைத் தூக்கலாம். வாயைத் திறந்தால் முடியும் போயிற்று, கணக்கும் போயிற்று. அது மட்டுமா? என் விக்கலை நிறுத்தினது ஆவுடையப்பன் என்று நானே என் வாயால் சொல்லணும்! அடுக்களை வாசலில் பேச்சியம்மாள் காப்பித் தம்ளரோடு அப்படியே நிற்கிறாள். எனக்கு அந்த வெளியூர் அம்மாவைத் தெரியாது. என்ன பாசை பேசுவாளோ. ஆனால் விக்கிக்கொண்டே ஒரு வாரம் இருந்தால் நெஞ்செலும்பு எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். தூங்க விடாது. அந்த வலியோடு அவள் ஒரு டாக்டரை நம்பிக் காதைக் காட்டிக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள், என் மரியாதை விக்கலால்.

"வராந்தாவுலேயே நின்னுட்டும்மா" என்றேன். "சம்மந்தியக் கண்ட ஆத்திரத்துல நின்னுட்டு. உள்ள வந்து விக்கினது நீங்க கேட்டதுக்காக."

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார் பாருங்க! கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்கிறார், சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறார், மறுபடியும் சிரிக்கிறார். "ஐயா, ஐயா! ஜெர்மன்காரர் என்னன்னமோ காரணம் யோசிச்சாரு. இத யோசிக்கலையே! இத அன்னைக்கே சொல்லியிருந்தா அதையே எழுதியிருப்பேனே!" பேச்சியம்மாளும் சிரிக்கிறாள். என் வீட்டில் நான் ஒருத்தன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு எனக்கும் தாங்கவில்லை.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டார். அப்படி ஒரு முறை இருக்கிறதாமே? துறைத் தலைவர் பதவி இந்த வருசம் கிடைக்காதாம். "அடுத்த வருசம் பாத்துக்கலாம் ஐயா, இப்பத்தான் ராத்திரி தூக்கம் வருது" என்றார். எழுதும்போது ஒன்று கேட்டார். "உண்மையைச் சொல்ல முன்வந்த நோயாளிக்கு நன்றின்னு போடப் போறேன். நீங்க சம்மதிச்சா உங்க பேரப் போடலாம். போடவா?"

கேட்கணுமா! "திரு போட்டுப் போடுங்கம்மா" என்றேன். நேற்று மாப்பிள்ளை போனில் காட்டினார். கட்டுரை வாபஸ் என்று மேலே கொட்டை எழுத்து. அடியில், திரு. ஐயம்பெருமாள். என் பேர், தம்பி! அச்சில்! வெளிநாட்டில்! இத்தனை வருசம் பெருமையாக இருந்தபோது வராத பேர், எடுத்துப் போடும்போது வந்திருக்கிறது. வந்துவிட்டதா இல்லையா? அதுதான் பேச்சு.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கூத்து. நான் சொன்னது மெய்தானா என்று டாக்டரம்மா சாட்சி கேட்கணுமில்லையா? வராந்தாவில் இருந்த சாட்சி யார்? சம்மந்திக்குப் போன் போட்டுவிட்டார். அரை மணி நேரம் ஆகவில்லை, என் போன் அடிக்கிறது. ஐந்து வருசத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"சம்மந்தி, உங்க விக்கல நிறுத்துனது நான்தானாமே?"

பல்லைக் கடித்தேன். ஒரு யோசனை வந்தது. "ஆமா சம்மந்தி. ஆனா அதுல நான் நோயாளி. நீங்க வெறும் மருந்து. மருந்து பேசாது."

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு, மில்லு ஓடுகிற மாதிரி. "கசப்பு மருந்துன்னு எழுதச் சொல்லும்யா!" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நடுவில் யாரும் போனை வைக்கவில்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க ஊரு அம்மன் கோயில்ல வெள்ளிக்கிழம கொடை. பேரன் முளைப்பாரி பாக்கணும்னு குதிக்கான். வாங்க" என்றார்.

"வாக்குச் சொல்லிருக்கேனே சம்மந்தி. முடி அட்டையத் தாண்டல."

"முடியே இல்லையே வே! இல்லாத பேப்பரு எதத் தாண்டும்? எதத் தாண்டாது? அந்தச் சொல்லு செல்லாது."

நானே அதைத்தான் சொல்ல நினைத்திருந்தேன் தம்பி. அவர் முந்திக்கொண்டார். சட்டப்படி பார்த்தால் அது என் பாயிண்ட். அதுவும் போக, போனை வைக்கிற நேரத்தில் அவர் மெதுவாக, "அந்தப் பத்திரிகையில… அச்சகத்துக்காரன் இல்ல சம்மந்தி, நான்தான் கவனிக்கல" என்றார். சரியாகக் காதில் விழாத மாதிரி, "என்ன?" என்று கேட்டேன். மறுபடியும் சொன்னார். "கேக்கலையே" என்றேன். மூன்றாவது தடவை சத்தமாகச் சொன்னார். அவர் மில்லில் இருந்திருப்பார் போல, பின்னால் ஆட்கள் பேச்சு நின்றுவிட்டது. போதும் என்று விட்டுவிட்டேன். நான்தான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லையே.

என்ன தம்பி, ஏதோ சொல்ல வாய் எடுக்கிறீங்க? சொல்லுங்க. என்னது? திரும்ப வாங்கின கட்டுரையையும் குறித்துக்கொண்டே இருப்பார்களா? வாபஸ் ஆனது தெரியாமல் சில பேர், தெரிந்து, இது தப்பு என்று காட்டுவதற்காகச் சில பேர்? அந்தக் கணக்கு அழியாதா? மேலே ஏறுமா! மெய்யாகவா? உங்க மீன் மேல் சத்தியமாகவா?

அப்போ ஐம்பத்தேழு அப்படியே நிற்கிறதா! அந்த வெளியூர் அம்மா கட்டுரை வந்தால் ஐம்பத்தெட்டா! ஏங்க தம்பி, அட்டையைத் தாண்டியே விடுமா!

இருங்க, இருங்க. கண்டக்டர் தம்பி, ஆலடி விலக்கு வந்துட்டா? இறங்கணும்! அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க. பார்த்து, பேரனுக்குப் பேச்சியம்மாள் சுட்ட முறுக்கு. அதோ, அந்தப் புளியமரத்தடியில் வெள்ளைச் சட்டை, அவர்தான் ஆவுடையப்பன். தோளில் உட்கார்ந்திருக்கிறது யார், பேரனா? பாருங்களேன், பஸ்ஸைப் பார்த்துக் கை காட்டுகிறான்! யாரோ சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

தம்பி, குனிஞ்சு கேளுங்க. இந்த ஐம்பத்தெட்டு விசயம் உங்களோடு இருக்கட்டும். இன்றைக்கு அவரிடம் சொன்னால் கொடை கெட்டுப்போகும். நான் ஒரு வாரம் தங்குகிறதாக இருக்கிறேன். பேரனோடு கிடந்துவிட்டு, ஊருக்குத் திரும்புகிற அன்றைக்கு, அவர் வழியனுப்ப வந்து நிற்பார் இல்லையா, பஸ் புறப்பட்ட பிறகு, ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொள்கிறேன்.